கையில் போன் இருக்கிறது, பாடம் எங்கே?



உங்கள் வீட்டில் ஒரு போன் இருக்கும். அது வாப்பாவின் போன் அல்ல, உங்களுடையதும் அல்ல. பிள்ளையின் படிப்புக்கென்று வாங்கிய போன். அது எந்த ஆண்டில் வீட்டுக்குள் வந்தது என்று சற்று நினைவுபடுத்திப் பாருங்கள். பெரும்பாலும் 2020 ஆகவோ 2021 ஆகவோ இருக்கும். கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச் மாதம் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளையின் படிப்பு பாழாகிவிடுமே என்ற பதற்றத்தில் சீட்டுப் பணம் எடுத்தும், காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்தும் வாங்கிய போன் அது.

நோய் தணிந்தது. பாடசாலைகள் திறந்தன. போன் மட்டும் திரும்பிப் போகவில்லை. அதனோடு கூட வந்த ஒரு படிப்பு முறையும் திரும்பிப் போகவில்லை. பாடக் குறிப்புகள் இன்றும் வாட்ஸ்அப்பில் வருகின்றன. கரும்பலகையில் எழுதியதைப் பிள்ளை கொப்பியில் எழுதாமல் படம் பிடித்துக்கொண்டு வருகிறது. வீட்டு வேலையை ஆசிரியர் போனுக்கு அனுப்ப, பிள்ளை செய்து போனிலேயே திருப்பி அனுப்புகிறது. இப்போது கேட்டதற்கெல்லாம் விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் அதே போனுக்குள் வந்து குடியேறிவிட்டன.

இந்த முறை நம் பிள்ளைகளின் கல்விக்கு என்ன செய்து கொண்டிருக்கிறது? இதை அதிபர்மாரிடமும் அதிகாரிகளிடமும் பேசுவதை விட உங்களிடம் பேசுவதே மேல் என்று நினைக்கிறேன். ஏனென்றால் நம் வீடுகளில் வாப்பாமார் கடையிலோ, கொழும்பிலோ, வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். பிள்ளை போனைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும்போது அருகில் இருப்பது நீங்கள்தான்.

மலையில் ஏறிய பாடம்

வட்டவளையை அறியாத வாசகியருக்கு ஒரு வார்த்தை. கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு வரும் பிரதான வீதியில் கினிகத்தேனையைத் தாண்டி, ஹட்டனை எட்டுமுன் வரும் சிறு ஊர் இது. ரயிலில் வந்தால் கலபொடவுக்கும் ரொசல்லவுக்கும் இடையில் நிற்கும். இலங்கையில் மழை மிக அதிகம் பெய்யும் இடங்களுள் ஒன்று. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் அளவுக்குப் பெய்கிறது. கொழும்பில் பெய்வதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் தேயிலை மலைகள். மலைக்கு நடுவே பள்ளங்கள். பள்ளத்தில் லயன் வீடுகள். பஸாரில் நம்மவர்களின் கடைகளும் வீடுகளும் சில. மழை பிடித்தால் மின்சாரம் போகும். மின்சாரம் போனால் சிறிது நேரத்தில் போனின் சிக்னலும் போகும்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் 2020 இல் "இனி வீட்டிலிருந்தே கற்றல்" என்று அறிவிப்பு வந்தது. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ இணையத்தளம் இருந்தது. தொலைக்காட்சியில் குருகெதர நிகழ்ச்சி வந்தது. அதற்கும் வசதியில்லாத பெரும்பாலோருக்கு வாட்ஸ்அப் குழுக்கள்தாம் பாடசாலை. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் அப்போது 700 ரூபா. 2021 மார்ச்சில்தான் அது 1000 ரூபாவாக உயர்ந்தது. மலிவான போன் ஒன்று வாங்குவதென்றால் கூட ஒரு மாதம் முழுதும் கொழுந்து பறித்த கூலி போய்விடும். வாங்கிய பிறகு டேட்டாவுக்கு வாரம் தோறும் காசு வேண்டும்.

சிக்னலைத் தேடிப் பிள்ளைகள் மலை ஏறினார்கள். இது மிகைப்படுத்திய பேச்சல்ல. 2021 இல் பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் அவர்களின் ஆசிரியையும் காட்டு வழியே நடந்து, பாறை உச்சியில் உட்கார்ந்து பாடம் இறக்கிக்கொண்ட செய்தியை உலகப் பத்திரிகைகள் படத்தோடு வெளியிட்டன. லுணுகலைப் பக்கத்தில் மரத்தின் மேல் பரண் கட்டி அதில் பிள்ளைகளை ஏற்றியிருந்தார்கள். பெரியவர்கள் துணைக்குச் சென்றார்கள். நாட்டின் 43 இலட்சம் மாணவர்களில் 40 சதவீதத்தினரே இணையவழி வகுப்புகளில் சேர முடிகிறது என்று இலங்கை ஆசிரியர் சங்கத்தின் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் அப்போது சொன்னார். உலக அளவில் குறைந்தது 46 கோடியே 30 இலட்சம் பிள்ளைகளுக்குத் தொலைவழிக் கல்வி எட்டவில்லை என்று யுனிசெப் நிறுவனம் 2020 ஆகஸ்டில் கணக்குச் சொன்னது.

அத்தோடு முடிந்ததா? 2021 ஜூலை 12 முதல் அக்டோபர் பிற்பகுதி வரை ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டுக்காக இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றார்கள். அவர்களின் கோரிக்கை நியாயமானதே. அது வேறு கதை. பின்னர் 2022 இல் பொருளாதார நெருக்கடி. எரிபொருள் இல்லையென்று மீண்டும் பாடசாலைகளை மூடி, "இணையவழியில் படியுங்கள்" என்றார்கள். அதே ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மெழுகுதிரி வெளிச்சத்தில், மின்னேற்றம் தீர்ந்த போனை வைத்துக்கொண்டு எதைப் படிப்பது?

ஒரு வீட்டின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். வாப்பா ஒரு புடைவைக் கடையில் வேலை. மூன்று பிள்ளைகள், ஒரே ஒரு போன். மூத்தவன் உயர்தரம் படிக்கிறான், அவனுக்கே முதலுரிமை. இளையவன் புலமைப்பரிசில் எழுத வேண்டியவன், அவனுக்கு அடுத்த உரிமை. நடுவில் உள்ள மகள் 2020 இல் பத்தாம் தரம். அவளுக்குப் போன் கிடைத்தது இஷாவுக்குப் பிறகு, மின்னேற்றம் மீதியிருந்தால். அவள் குறை சொல்லவில்லை. சமையலறையில் உம்மாவுக்கு உதவினாள். சாதாரண தரப் பரீட்சை தள்ளித் தள்ளிப்போய் 2022 மே மாதம் நடந்தது. கணிதத்தில் சித்தியில்லை. மறுமுறை எழுதலாம் என்று நானும் இன்னும் சிலரும் சொன்னோம். "அவ படிச்சது போதும் மௌலவி" என்று வீட்டில் முடித்துவிட்டார்கள். இன்று அவள் திருமணம் முடித்துச் சென்றுவிட்டாள். நலமாக இருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் வகுப்பறை என்று ஒன்று திறந்திருந்தால் அங்கே அண்ணனுக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் தனித்தனிக் கதிரை இருந்திருக்கும். கருவி ஒன்றுதான் என்று வரும்போது பின்னால் தள்ளப்படுவது யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே பெண்கள்.

படம் பிடித்த பாடம்

சரி, அந்தக் காலம் போய்விட்டது. இப்போது சிக்னல் ஓரளவு சீராகிவிட்டது. போனும் வீட்டுக்கு இரண்டு மூன்று. இப்போது என்ன குறை என்று கேட்பீர்கள். என் கவலை இப்போதுதான் கூடியிருக்கிறது.

ஒரு தாய் அண்மையில் என்னிடம் வந்து முறையிட்டார்: "மௌலவி, புள்ள முழு நாளும் போனும் கையுமாத்தான் படிக்கிறான். ஆனா மார்க்ஸ் வருதில்ல."

அந்தப் பிள்ளையிடம் கொப்பியைக் கேட்டேன். சரித்திரக் கொப்பியில் முதல் மூன்று பக்கங்கள் எழுதியிருந்தன, மீதி வெள்ளை. "நோட்ஸ் எல்லாம் போன்ல இருக்கு சேர்" என்றான். உண்மைதான். படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. கரும்பலகையின் படம், நண்பனின் கொப்பியின் படம், ஆசிரியர் அனுப்பிய அச்சுப் பக்கம். நடுநடுவே கிரிக்கெட், ஒரு கல்யாண வீட்டுப் படம், பூனைக்குட்டி. போனை வாங்கி மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "கடைசியாகப் படம் பிடித்த பாடத்தில் என்ன இருந்தது?" என்று கேட்டேன். தலைப்பைச் சொன்னான். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

அவன் பொய் சொல்லவில்லை, சகோதரிகளே. படித்துவிட்டதாகவே அவன் நம்புகிறான். இதுதான் இந்தக் கருவியின் பெரிய ஏமாற்று. பாடம் போனில் இருப்பதைத் தன் தலையில் இருப்பதாகப் பிள்ளை எண்ணிக்கொள்கிறது. கொப்பி வெறுமையாக இருந்தால் அதைப் பார்த்து வெட்கம் வரும், பயம் வரும். போன் நிறைந்திருந்தால் நிம்மதி வந்துவிடுகிறது.

கரும்பலகையைப் பார்த்து எழுதும் பிள்ளை என்ன செய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஒரு வரியைப் பார்க்கிறது, மனதில் பிடிக்கிறது, தலை குனிந்து எழுதுகிறது, பிழைத்தால் அழித்து எழுதுகிறது. இப்படி நாற்பது வரி எழுதினால் நாற்பது முறை அந்தப் பாடம் மனதைக் கடந்து போகிறது. வெண்கட்டி எழுதும் வேகத்துக்கே பாடமும் நகர்கிறது. மந்தமான பிள்ளைக்கும் மூச்சு விட இடமிருக்கிறது. படம் பிடிப்பதற்கு ஒரு வினாடி போதும். அந்த ஒரு வினாடியில் பாடம் மனதைத் தொடுவதில்லை.

நோர்வே நாட்டின் துரொண்ட்ஹெய்ம் பல்கலைக்கழகத்தில் 36 மாணவர்களின் தலையில் உணர்கருவிகளைப் பொருத்தி, கையால் எழுதும்போதும் விசைப்பலகையில் தட்டும்போதும் மூளை எப்படி இயங்குகிறது என்று பார்த்தார்கள். கையால் எழுதும்போது மூளையின் பல பகுதிகள் ஒன்றோடொன்று கூடுதலாகத் தொடர்புபட்டு இயங்கியதை 2024 இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 2014 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மடிக்கணினியில் குறிப்பெடுத்தவர்களை விடக் கையால் எழுதியவர்கள் பாடத்தின் கருத்தை நன்றாக விளங்கியிருந்தார்கள். பின்னால் வேறு சிலர் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது வேற்றுமை அவ்வளவு பெரிதாக வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இவை தட்டச்சு செய்தோரைப் பற்றியவை. நம் பிள்ளைகள் தட்டச்சும் செய்வதில்லையே! படம் அல்லவா பிடிக்கிறார்கள்?

இன்னொரு விடயம். சாதாரண தரமும் உயர்தரமும் இன்றும் பேனாவால் எழுதும் பரீட்சைகள். மணிக்கணக்கில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுத வேண்டும். ஆண்டு முழுதும் எழுதாத கை அன்று மட்டும் எப்படி ஓடும்? அரைமணி நேரம் எழுதியதும் விரல் வலிக்கிறது என்று பேனாவை வைத்துவிடும் பிள்ளைகளை இப்போது வகுப்பில் காண்கிறேன். ணகர னகர வேறுபாடு போய், ரகர றகர வேறுபாடு போய், தமிழ் எழுத்துக்களே உருக்குலைந்து வருகின்றன.

மைக்கூடும் மரப்பலகையும்

அரபுக் கல்லூரிகளில் ஓதியவர்கள் இமாம் ஸர்னூஜியின் தஃலீமுல் முதஅல்லிம் என்ற சிறு நூலை அறிவார்கள். சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது. மாணவன் எப்படிக் கற்க வேண்டும் என்பதைப் பற்றிய நூல். மாணவன் எந்நேரமும் மைக்கூட்டைக் கூடவே வைத்திருக்க வேண்டும், கேட்ட நல்ல விடயத்தை அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும் என்கிறார் இமாம். அதை விட முக்கியமாக ஒன்று சொல்கிறார். நேற்றைய பாடத்தை ஐந்து முறை மீட்ட வேண்டும், அதற்கு முந்திய நாளின் பாடத்தை நான்கு முறை, அதற்கும் முந்தியதை மூன்று முறை, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. ஒரே நாளில் உருப்போட்டுவிட்டு மறந்துபோவதல்ல. நாள் விட்டு நாள் திரும்பத் திரும்ப அந்தப் பாடத்தைத் தொட்டுக்கொண்டே இருப்பது. ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் என்ற அறிஞர் மனிதன் எப்படி மறக்கிறான் என்பதைத் தன்னைத்தானே சோதித்து 1885 இல் நூல் வெளியிட்டார். இடைவெளி விட்டு மீட்டுவது மறதியைக் குறைக்கும் என்பதே அவர் வழிவந்த ஆராய்ச்சியாளர்களும் சொல்வது. இமாமுக்கு ஆய்வுக்கூடம் இருக்கவில்லை, மாணவர்கள் இருந்தார்கள்.

நம் மூத்தோர் மத்ரஸாவில் மரப்பலகையில் எழுதி ஓதினார்கள். மொரித்தானியாவிலும் சூடானிலும் இன்றும் பிள்ளைகள் அப்படி ஓதுகிறார்கள். பலகையின் சிறப்பு என்ன தெரியுமா? அதில் இடம் குறைவு. மனனமான பிறகே கழுவிவிட்டு அடுத்த பாடத்தை எழுத முடியும். போனில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே எதையும் மனனம் செய்து கழுவ வேண்டிய அவசியமும் இல்லை.

கொரோனாக் காலத்தில் குர்ஆன் வகுப்பும் போனில் நடந்தது. வாசகியரில் பலரின் பிள்ளைகள் அப்படி ஓதியிருப்பார்கள். ஓதாமல் விடுவதை விட அது மேல்தான். ஆனால் 'ஹா' என்ற எழுத்து இரண்டு வகை. ஒன்று தொண்டையின் அடியிலிருந்து, மற்றது தொண்டையின் நடுவிலிருந்து. போனின் ஒலியில் இரண்டும் ஒன்றாகக் கேட்கும். 'ஸாத்' எது 'ஸீன்' எது என்று பிரித்தறிய முடியாது. எதிரே உட்கார்ந்த பிள்ளையின் உதட்டையும் நாக்கையும் பார்த்துத்தான் உஸ்தாத் திருத்த வேண்டும். இரண்டு ஆண்டுகள் போனில் ஓதிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது, படிந்துபோன பிழைகளைக் கழற்றுவதற்கே எங்களுக்கு இன்னும் ஓராண்டு ஆனது.

இது ஓதலுக்கு மட்டும் உரியதல்ல. கணித ஆசிரியை வகுப்பில் நடந்து வரும்போது பிள்ளையின் தோளுக்கு மேலால் கொப்பியை எட்டிப் பார்க்கிறார். எந்த இடத்தில் கை நின்றது, எந்த வரியில் பிழைத்தது என்று தெரிகிறது. விளங்காத பிள்ளை விளங்கவில்லை என்று வாய் திறந்து சொல்லாது. நம் பெண் பிள்ளைகள் சொல்லவே மாட்டார்கள். முகத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள்: "ஓகே டீச்சர்."

அடுத்த நாடுகளில்

இதை மலைநாட்டு மௌலவி ஒருவரின் பழைமைப் பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். நம்மை விடப் பணமும் கருவியும் மிகுந்த நாடுகள் இப்போது திரும்பிப் பார்க்கின்றன.

நம் ஊரைப் போலவே மலைகள் நிறைந்த பெரு நாட்டில் ஏழைப் பிள்ளைகளுக்குத் தலைக்கொரு மடிக்கணினி கொடுத்தார்கள். 319 கிராமப் பாடசாலைகளில் ஆய்வு செய்து, கணிதத்திலும் மொழியிலும் புள்ளிகள் உயர்ந்ததற்கு அடையாளமில்லை என்று 2012 இல் அறிவித்தார்கள். கணினியை இயக்கப் பிள்ளைகள் நன்றாகக் கற்றிருந்தார்கள், பாடம் கூடவில்லை. சுவீடன் பாலர் பாடசாலை வரை கணினியைக் கொண்டுபோன நாடு. அந்நாடு 2023 இல் மனம் மாறி, பாலர் பாடசாலைகளில் மின்கருவி கட்டாயம் என்ற முடிவைக் கைவிட்டது. அச்சுப் பாடநூல் வாங்க அவ்வாண்டு மட்டும் 68 கோடியே 50 இலட்சம் குரோனர் ஒதுக்கியது. தென்கொரியா 2025 மார்ச்சில் செயற்கை நுண்ணறிவுப் பாடநூல்களை வகுப்புக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவற்றுக்குப் பாடநூல் என்ற தகுதியே நீக்கப்பட்டது. பிரான்ஸ் 2018 இலேயே பாடசாலைகளில் பிள்ளைகள் போன் பாவிப்பதைச் சட்டத்தால் தடுத்தது.

வளர்ந்த நாடுகளின் மாணவரிடையே 2022 இல் நடந்த பீசா மதிப்பீட்டில், கணித வகுப்பில் மற்றப் பிள்ளைகள் பாவிக்கும் கருவியால் தம் கவனம் சிதறுகிறது என்று 59 சதவீதத்தினர் சொன்னார்கள். கவனியுங்கள்: தன் கருவியால் அல்ல, பக்கத்துப் பிள்ளையின் கருவியால்! உங்கள் பிள்ளையிடம் போன் இல்லாவிட்டாலும் அதற்கு நட்டம் வரலாம் என்பதே இதன் பொருள்.

விடை எழுதித் தரும் செயலிகளைப் பற்றித் துருக்கியில் செய்த ஆய்வு நமக்கு மிகவும் பொருந்தும். ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலை மாணவர்கள். ஒரு பகுதியினருக்குக் கணிதப் பயிற்சியின்போது அந்தச் செயலியைக் கொடுத்தார்கள். பயிற்சியில் அவர்கள் மற்றவர்களை விட 48 சதவீதம் சிறப்பாகச் செய்தார்கள். வாப்பா உம்மா மகிழ்ந்திருப்பார்கள்! பிறகு செயலியை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தபோது, அதை ஒருபோதும் தொடாத மாணவர்களை விட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல் வழிகாட்டும் குறிப்பு மட்டுமே தரும்படி திருத்திய செயலியைப் பாவித்தவர்களுக்கு அந்தப் பாதிப்பு பெரும்பாலும் வரவில்லை. அதாவது கெடுதல் செய்தது கருவியின் பெயரல்ல. பிள்ளை செய்ய வேண்டிய வேலையைக் கருவி செய்து கொடுத்ததே.

தாய்மாருக்கு இன்னொரு கவலையும் இருக்க வேண்டும். கொரோனாக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த 163 கல்விச் செயலிகளையும் தளங்களையும் மனித உரிமைகள் கண்காணிப்பகம் ஆராய்ந்தது. அவற்றில் 145, பிள்ளைகளின் விபரங்களைச் சேகரிக்கவோ கண்காணிக்கவோ கூடியவையாக இருந்தன என்று 2022 இல் அறிவித்தது. வீட்டு வாசலில் அந்நிய ஆள் நின்றால் யாரென்று கேட்கிறோம். மகளின் போனுக்குள் யார் நிற்கிறார் என்று கேட்பதில்லை.

நன்மை இல்லையா?

இருக்கிறது. மறுப்பது நீதியாகாது. ஆய்வுகூடம் இல்லாத தோட்டப் பாடசாலையில் இதயம் எப்படித் துடிக்கிறது என்பதை ஒரு காணொளி காட்டிவிடுகிறது. அதைக் கண்டு வாய் பிளந்து நின்ற பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். பார்வை குறைந்த பிள்ளைக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலைக்கு வேறு ஊர் ஆசிரியரின் குரலைக் கொண்டுவருகிறது. ஆசிரியர் தட்டுப்பாடு நம் மலையகத்தில் புதிதல்ல. ஆனால் ஒன்று. ஆசிரியர் இல்லாத இடத்தில் கருவியைக் கொடுத்துவிட்டு, இனி ஆசிரியர் வேண்டியதில்லை என்று அதிகாரிகள் கைகழுவிவிடும் ஆபத்தும் இங்கேதான் அதிகம். நன்கொடையாக வந்த பெரிய திரைப்பலகை ஒன்று, எங்கள் ஊர்ப் பக்கத்து ஈரத்தில் பழுதாகி, திருத்த ஆளில்லாமல் துணி போர்த்திக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து அறையில் கரும்பலகை வேலை செய்துகொண்டிருக்கிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

போனை உடைத்து எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் செய்ய மாட்டீர்கள்; செய்யவும் முடியாது. பாடசாலை அறிவித்தல் கூட அதில்தானே வருகிறது.

பிள்ளை வீட்டுக்கு வந்ததும் போனைப் பார்க்காதீர்கள், கொப்பியைப் பாருங்கள். எழுத்து விளங்காவிட்டாலும் பரவாயில்லை, பக்கம் நிறைந்திருக்கிறதா, திகதி போட்டிருக்கிறதா, சிவப்புப் பேனாவால் ஆசிரியர் தொட்டிருக்கிறாரா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் குறிப்பு வந்தால், அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதி முடித்த பிறகு போன் உங்கள் கைக்கு வர வேண்டும். எழுதும் நேரத்தில் மற்ற அறிவித்தல்கள் வராதபடி டேட்டாவை நிறுத்திவிடலாம். படம்தான் ஏற்கெனவே இறங்கிவிட்டதே. இரவில் போன் பிள்ளையின் தலையணைக்குக் கீழே அல்ல, சமையலறை அலுமாரியில் தூங்கட்டும்.

பிறகு பிள்ளையை அருகில் அழைத்து, கொப்பியையும் போனையும் மூடச் சொல்லிவிட்டு, "இன்றைக்கு என்ன படித்தாய், எனக்குச் சொல்" என்று கேளுங்கள். "நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், எனக்கு என்ன விளங்கும்?" என்று சில தாய்மார் சொல்கிறார்கள். உங்களுக்கு விளங்க வேண்டியதில்லை. உங்களுக்கு விளங்கும்படி சொல்ல முயலும்போது பிள்ளைக்கு விளங்கும். தட்டுத் தடுமாறினால் எங்கே தடுமாறியது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். வெங்காயம் உரித்துக்கொண்டே செய்யக்கூடிய காரியம் இது. நேற்றைய பாடத்தையும் முந்தாநாள் பாடத்தையும் சேர்த்துக் கேட்டால் இமாம் ஸர்னூஜி சொன்ன மீட்டல் உங்கள் அடுப்படியிலேயே நடந்துவிடும்.

அரசாங்கம் 1980 முதல் பாடநூல்களை இலவசமாகத் தருகிறது. பெரும்பாலான வீடுகளில் அவை புதிது போலவே ஆண்டு முடிவில் திரும்பிப் போகின்றன. போனில் தேடுவதற்கு முன் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தாயா என்று கேளுங்கள். அதிலுள்ள பயிற்சி வினாக்களைச் செயலியிடம் கேட்காமல் தானே செய்து, பிழைத்த பிறகு வேண்டுமானால் செயலியிடம் ஒரு குறிப்புக் கேட்கட்டும்.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வாப்பாவை எதிர்பார்த்திராமல் நீங்களே போங்கள். பல ஆசிரியர்கள் இரவு பத்து மணிக்குப் பத்துப் பக்கக் குறிப்பை அனுப்புவது பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய நெருக்கடியால். அவர்களுக்கும் அதில் மகிழ்ச்சியில்லை. மரியாதையாகக் கேட்டால் கேட்பார்கள். இரண்டே கேள்விகள் போதும். குறிப்பை வகுப்பிலேயே எழுத வைக்க முடியுமா? எழுதிய கொப்பியை மாதம் ஒரு முறையாவது பார்த்துக் கையொப்பம் இட முடியுமா? எங்கள் பக்கத்தில் ஐந்தாறு தாய்மார் சேர்ந்து இப்படிக் கேட்டார்கள். ஒரு வகுப்பாசிரியை உடனே சம்மதித்தார். இன்னொருவர், பாடவேளை 40 நிமிடம்தான், எழுத வைத்தால் பாடம் முடியாது என்றார். அப்படியானால் குறைவாகவே எழுதிப் போடுங்கள், ஆனால் பிள்ளை எழுதட்டும் என்று அந்தத் தாய்மாரில் ஒருவர் பதில் சொன்னார். அந்தப் பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.